வயதுவந்தபின் தெரியவரும் ஆட்டிசமும் புதிய ஊரும்: திருவனந்தபுரத்தை முன்வைத்து

1. கேள்வி

முப்பத்தைந்து வயதில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பது உறுதிப்படுகிறது. பிறவியிலிருந்தே இருந்துவந்த நிலைதான். பெயர் மட்டும் இப்போது கிடைக்கிறது. அதன்பின் அவர் ஊரை மாற்றுகிறார். வேறு வேலை, வேறு வாடகை வீடு, தன்னை முன்பின் அறியாத அக்கம்பக்கம். குடும்பம் இதை ஓடிப்போவதாகப் பார்க்கிறது. அவரோ முதல்முறையாகத் தனக்கேற்றபடி வாழப் போவதாக நினைக்கிறார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. ஊர் மாறும்போது எது உண்மையிலேயே மாறுகிறது, எது பெட்டி படுக்கையோடு கூடவே வருகிறது, புதிய ஊர் அவருக்கு எதைத் தர முடியும் என்பவற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் உருவான குழந்தை வளர்ச்சி மையம், ஆக்குளத்தில் இயங்கும் ‘நிஷ்’ என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் (1997), டெக்னோபார்க்கின் முதல் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஜி. விஜயராகவன் முன்னின்று தொடங்கிய ‘கேடர்’, கழக்கூட்டத்தில் கோபிநாத் முதுகாட் நடத்தும் டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் என்று ஆட்டிசத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் இந்நகரில் நெருங்கி அமைந்துள்ளன. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இளைஞர்களுக்கு வேலை தருகிறது. குமரி மாவட்டத்திலிருந்து வேலைக்கும் மருத்துவத்துக்கும் வந்துபோகிறவர்கள் ஏராளம். அறிவு, வேலை, ஓரளவு தெரிந்த மொழி மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும் ஊர் புதிய தொடக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

2. இதுவரையான புரிதல்

ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறு குழந்தைகளைப் பார்த்து எழுதப்பட்டது. லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது; ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் வியன்னாவில் எழுதியதும் சிறுவர்களைப் பற்றியே. பேச்சும் படிப்பும் இயல்பாக வந்த, ஆனால் மனிதர்களிடையே தடுமாறியவர்களைப் பரவலாகக் கவனிக்கச் செய்தது லோர்னா விங் 1981இல் எழுதிய கட்டுரை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஆஸ்பெர்கர் நிலையை 1994இல் தனியாகச் சேர்த்தது. 2013இல் அனைத்தையும் ஒரே ஆட்டிச நிறமாலைக்குள் அடக்கியது. ஆகவே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்த ஒருவர் சிறுவராக இருந்தபோது, அவரைக் கண்டறியத் தேவையான கருத்தே மருத்துவரிடம் இருந்திருக்காது. மெங்-சுவான் லாய், சைமன் பாரன்-கோஹன் ஆகியோர் 2015இல் இவர்களைத் ‘தொலைந்த தலைமுறை’ என்றே குறிப்பிட்டனர். இங்கிலாந்தில் வயதுவந்தோரிடையே டெர்ரி ப்ரூகா குழுவினர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இந்நிலையில் இருப்பதாகவும் அவர்கள் பெரும்பாலும் அறியப்படாமலே வாழ்வதாகவும் காட்டியது.

மறுதரப்பும் உண்டு. லோரான் மொட்ரோன் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட பகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையே ஆய்வுகள் காட்டும் வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதைச் சுட்டியது. வரையறை அளவுக்கு மீறி விரிந்துவிட்டதோ என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது. நேர்மையான கேள்விதான். ஆனால் அதை அப்படியே நம் ஊருக்கு இறக்குமதி செய்ய முடியாது. நரேந்திர அரோரா குழுவினர் ஐந்து இந்தியப் பகுதிகளில் செய்து 2018இல் வெளியிட்ட பெரிய ஆய்வுகூட 2 முதல் 9 வயதுவரையான குழந்தைகளையே எண்ணியது. வயதுவந்தோரை எண்ணவே தொடங்காத நாட்டில், அளவுக்கு மீறி எண்ணிவிட்டோம் என்று கவலைப்படுவது பொருந்தாது.

இங்கே மறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆள்களோடு பழகாத பையனைக் ‘கூச்ச சுபாவம்’ என்றும், படிப்பில் கெட்டியாக இருந்துவிட்டால் ‘தலைக்கனம்’ என்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். பெண் குழந்தையின் நிலை இன்னும் மோசம். விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிற, கேட்டாலொழியப் பேசாத, ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற பெண்ணை நம் வீடுகள் ‘அடக்கமான பெண்’ என்று பாராட்டுகின்றன. அவள் படும் பாட்டை அந்தப் பாராட்டே மூடிவிடுகிறது. திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் புதிய மனிதர்கள், புதிய சமையல், புதிய ஓசைகள் என்று வரும்போதுதான் அது உடைகிறது. அப்போதும் அவளுக்குக் கிடைக்கும் பெயர் ‘அனுசரித்துப் போகத் தெரியாதவள்’ என்பதே.

பெயர் தெரிந்தபின் என்ன நடக்கிறது? நிம்மதி, இழந்த ஆண்டுகளுக்கான துக்கம், யாரும் கவனிக்கவில்லையே என்ற கோபம் மூன்றும் கலந்து வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. சாரா காசிடி குழுவினர் இங்கிலாந்தின் ஒரு சிறப்பு மருத்துவமனையில் வயதுவந்தபின் ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரிடம் செய்த ஆய்வில் (2014), 66 விழுக்காட்டினர் வாழ்வில் எப்போதாவது தற்கொலை பற்றி எண்ணியதாகக் கூறினர். சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண் இது, எல்லாருக்கும் பொருந்தாது. ஆயினும் பெயர் தெரியாமல் கழிந்த ஆண்டுகளின் சுமையை அது உணர்த்துகிறது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தபின் ஆட்டிசம் உறுதியான ஒவ்வொருவருக்கும், வேறு உதவி எதையும் அவர் மறுத்தாலும்கூட, அதன் பொருள் குறித்துப் பேச மேலும் ஒரு சந்திப்பாவது தர வேண்டும் என்கிறது. இந்த ஒரு சந்திப்பின் அருமையைக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் பார்ப்போம். (இதைப் படிக்கிற யாருக்கேனும் அப்படிப்பட்ட எண்ணம் இப்போது இருந்தால், டெலி-மானஸ் உதவி எண் 14416ஐத் தமிழிலோ மலையாளத்திலோ அழைத்துப் பேசலாம்.)

3. மதிப்பெண்ணும் சான்றிதழும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 நிலைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. சான்றிதழுக்கு அடிப்படையாக இருந்துவருவது இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட ‘ஐசா’ அளவுகோல். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்டினால் 40 விழுக்காடு மாற்றுத்திறன் என்று கொள்ளப்படும். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை.

அந்தக் கூறுகளைப் பார்த்தால் சிக்கல் புரியும். கண்ணைப் பார்க்கிறாரா, சிரிப்புக்குச் சிரிக்கிறாரா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரா என்று வெளியே தெரிகிற நடத்தையையே அவை பெரும்பாலும் கேட்கின்றன. முப்பது ஆண்டுகளாகக் கண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்டவர், எப்போது சிரிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டவர் அதில் குறைந்த மதிப்பெண்ணே பெறுவார். லாரா ஹல் குழுவினர் 2017இல் விவரித்த ‘மாஸ்கிங்’ இதுதான்: தன் இயல்பை மறைத்து, மற்றவர்களைப் பார்த்துக் கற்ற நடத்தையை மேலே போட்டுக்கொள்வது. அதற்கு அவர் செலவிடும் உழைப்பை அளக்க அந்தத் தாளில் இடமில்லை. குழந்தைப் பருவம் பற்றிச் சொல்லப் பெற்றோர் வேண்டும் என்பது இன்னொரு தடை. தாய் இறந்துவிட்டிருந்தால், அல்லது மகனுக்கு ‘அப்படி எதுவும் இல்லை’ என்று தந்தை அடித்துச் சொன்னால், வரலாறு அங்கேயே நின்றுவிடும்.

இந்த நிலையில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சொன்ன தீர்ப்பு மிக முக்கியமானது. எழுதுவதில் சிரமமுள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் எழுத்துதவியாளர் கேட்ட வழக்கு அது. 40 விழுக்காடு என்ற எல்லை இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கே உரியது. நியாயமான இசைவு ஏற்பாடு பெறும் உரிமைக்கு அந்த எல்லை தடையாகாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களில் பலரும் அந்த எல்லைக்கு அருகில் அல்லது கீழே நிற்பவர்கள். அவர்கள் பெரும்பாலும் பார்வையற்றோ சக்கர நாற்காலியிலோ இல்லாததால், உரிமை கேட்கவே கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

4. இரண்டு இடப்பெயர்வுகள்

‘ஆட்டிசம் தெரிந்தது, பிறகு ஊரை விட்டார்’ என்று சொல்லும்போது ஒரு படியை விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் முதலில் ஒரு இடப்பெயர்வு நடந்திருக்கும். அதனால்தான் ஆட்டிசமே தெரியவந்திருக்கும். 2013ஆம் ஆண்டுக் கையேடு இதற்கு வழி விட்டே எழுதப்பட்டது: அறிகுறிகள் சிறுவயதிலிருந்தே இருக்க வேண்டும், ஆனால் சூழல் கேட்பது ஒருவருடைய திறனைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம் என்கிறது அது.

நம் வீடுகள் அந்தத் தாண்டல் நிகழாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிக்கின்றன. அம்மா அவன் சாப்பிடும் இரண்டு மூன்று கறிகளையே மாற்றி மாற்றிச் செய்வார். வங்கிக்கு அக்கா போவாள். கல்யாண வீட்டில் அவன் மொட்டைமாடிக்குப் போய்விட்டால், ‘அவன் அப்படித்தான்’ என்று சித்தப்பா சமாளித்துவிடுவார். இவற்றை யாரும் உதவி என்று கணக்கு வைப்பதில்லை. கல்லூரி விடுதிக்கோ முதல் வேலைக்கோ போகும்போது இவ்வளவும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. அறையில் மூன்று பேர், பொது மெஸ், இரவு பதினொன்றுக்கும் எரியும் விளக்கு, மேலாளர் சாடைமாடையாகச் சொல்லும் வேலைகள். டோரா ரேமேக்கர் குழுவினர் 2020இல் விவரித்த ஆட்டிசச் சோர்வு இங்கே பொருந்துகிறது: நீண்டகால அயர்ச்சி, முன்பு செய்ய முடிந்ததைச் செய்ய முடியாமல் போவது, ஒலியும் ஒளியும் தாங்க முடியாமல் ஆவது. மனச்சோர்வு என்று மருந்து வாங்கி, வேலை விட்டு, சில ஆண்டுகள் அலைந்தபின் யாரோ ஒரு மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்கிறார்.

ஆகவே ஆட்டிசம் உறுதியானபின் நிகழ்வது இரண்டாம் இடப்பெயர்வு. முதல் இடப்பெயர்வில் என்ன இழக்கிறோம் என்று தெரியாமல் போனார். இரண்டாவதில் அது தெரியும், அதுதான் வேறுபாடு. ஆனால் பெரும்பாலோர் இந்த முடிவை எடுப்பது சோர்வின் அடிமட்டத்தில், உடலிலும் மனத்திலும் மிகக் குறைந்த வலு இருக்கும்போது. வீடு தேடுவது, புதிய மேலாளரைப் புரிந்துகொள்வது, எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று அறிவது எல்லாமே வலுவைக் கேட்பவை. ஓய்வு முதலில், ஊர் பிறகு என்பதே என் துணிபு. வரிசை மாறினால், புதிய ஊரும் சில மாதங்களில் பழைய ஊரைப் போலவே ஆகிவிடும்.

இரண்டு பொது வாழ்க்கைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மெல்பர்னில் பிறந்த டோனா வில்லியம்ஸ் வயதுவந்தபின் தன் ஆட்டிசத்தை அறிந்தவர். 1992இல் வெளிவந்த ‘நோபடி நோவேர்’ என்ற தன்வரலாற்றால் உலகறியப்பட்டார். சிறுவயதில் கேரல் என்ற, எல்லாரோடும் சிரித்துப் பேசும் ஒரு பாத்திரத்தைத் தனக்குள் உருவாக்கி, அவளாகவே வெளியுலகில் நடந்துகொண்டதை அதில் சொல்கிறார். வீடு மாறினாலும் நாடு மாறினாலும் கேரலும் கூட வந்தாள். இங்கிலாந்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தபின் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார். மறுபுறம் டானல்ட் ட்ரிப்ளெட். கானரின் 1943 கட்டுரையில் முதலாவதாக வந்த சிறுவர் இவர். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்து, அங்கேயே ஒரு வங்கியில் பல பதிற்றாண்டுகள் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, உலகம் சுற்றிப் பார்த்துத் திரும்பி, 2023இல் 89ஆம் வயதில் காலமானார். ஊர் அவரை அறிந்திருந்தது. அவருடைய விதத்துக்கு இடம் விட்டது.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, சொந்த ஊர்தான் நல்லது’ என்று முடிவு கட்டுவது எளிது. அந்த வங்கி ட்ரிப்ளெட்டின் தாய்வழிக் குடும்பத்தோடு தொடர்புடையது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரில் அந்தஸ்தும் பணமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊர் இடம் விடும். கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கும், சாதியால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஊர் அதே இடத்தை விடுமா? அவர்களுக்கு ஊரை விட்டுப் போவது ஒரு தேவை. நம் ஊர்களில் ‘எல்லாரும் எல்லாரையும் அறிவோம்’ என்பது அன்பாகவும் இருக்கும், காவலாகவும் இருக்கும்.

அயலூரில் ஒரு வசதி உண்டு என்பார்கள்: தடுமாறினால், ‘வெளியூர்க்காரர், பாஷை தெரியாது’ என்று மன்னித்துவிடுவார்கள். டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த இரட்டைப் பரிவுச் சிக்கல் என்ற கருத்து இதற்குத் துணைவரும். ஆட்டிசம் உள்ளவருக்கு மட்டும் மற்றவரைப் புரியவில்லை என்பது பாதி உண்மை. மற்றவருக்கும் அவரைப் புரிவதில்லை என்கிறார் மில்டன். அயலூரில் புரியாமை இருபக்கமும் இயல்பாக எதிர்பார்க்கப்படுகிறது. பழி ஒருவர் தலையிலேயே விழுவதில்லை.

5. திருவனந்தபுரம் எவ்வளவு அயலூர்?

நாகர்கோவிலிலிருந்து வருகிறவருக்கு இந்த வசதி ஏறக்குறைய கிடையாது. 1956 நவம்பர் 1வரை குமரி திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. கரமனையில் ஓர் அத்தை, சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் பழைய கூட்டாளி என்று யாராவது இருப்பார்கள். இந்நகரில் பலருக்கும் தமிழ் புரியும். ‘எவிடெயா வீடு?’ என்பதில் தொடங்கும் விசாரிப்பு மூன்றாவது கேள்விக்குள் தகப்பனார் பெயருக்கு வந்துவிடும். அறுபத்தைந்து எழுபது கிலோமீட்டர் போனதால் மட்டும் யாரும் அறியாதவராக ஆகிவிட முடியாது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு அயலார் என்ற சலுகை கொஞ்ச காலம் கிடைக்கும். மலையாளம் தமிழுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் அதுவும் விரைவில் தீர்ந்துவிடும்.

புலன்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த நகரம் கலவையானது. சென்னையோடு ஒப்பிட்டால் சிறியது. மியூசியம் வளாகம் போன்ற நிழலான இடங்கள் உண்டு. ஆனால் இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக இரண்டு மழைக்காலம், தம்பானூர் பேருந்து நிலையத்தின் இரைச்சல், திருவிழாக்கால ஒலிபெருக்கி. கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கலை அன்று லட்சக்கணக்கான பெண்கள் தெருக்களில் அடுப்பு மூட்டும்போது நகரமே புகையும் கூட்டமும் ஆகிறது. அந்த நாள் பலருக்கு ஆண்டின் புனித நாள். புகை மணமும் ஒலியும் தாங்காத ஒருவர் அதை முன்கூட்டியே அறிந்து அன்றைக்கு வேறிடம் போக ஏற்பாடு செய்துகொண்டால், யாருக்கும் குறையில்லை. முன்கூட்டி அறிவதுதான் இவர்களுக்குப் பாதி உதவி.

நிறுவனங்களின் நிலை என்ன? பெயரிலேயே தெரிகிறது: குழந்தை வளர்ச்சி மையம். சிறுவயதில் கண்டறிதல், பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி, இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி என்று இந்நகரம் செய்திருப்பது பெருமைக்குரியது. அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தானே வேலை பார்த்து, தானே வாடகை கட்டி, தனியே வாழும் நாற்பது வயதுக்காரரை மனத்தில் வைத்து எழுந்தவை அல்ல இவை. அரசுத் திட்டங்களும் அப்படியே. கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டம் முழுநேரமாகக் கவனித்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் தருகிறது. கவனித்துக்கொள்ள யாரும் இல்லாமல் தனியே வாழ்பவர் அதன் பார்வையில் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 18 வயதுக்கு மேற்பட்டவருக்குக் காப்பாளர் நியமிக்க வழி செய்கிறது. காப்பாளர் தேவைப்படாத ஆட்டிசக்காரர் என்ற மனிதரை அது நினைத்துப் பார்க்கவில்லை.

எஞ்சியிருப்பது மனநல மருத்துவம். ஊளம்பாறையில் 1870 முதல் இயங்கும் மனநல மையத்தின் இடப்பெயரை, சென்னையில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்வதுபோல, இங்கே கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர் மனநலப் பிரிவின் படி ஏறுவதற்கே ஆண்டுகள் ஆகின்றன.

6. வேலையிடமும் சொல்லுதலும்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, மாற்றுத்திறனாளி எவரும் ஒரு குறிப்பிட்ட வாழ்விட ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்கிறது. பதின்மூன்றாம் பிரிவு மற்றவர்களோடு சமமான சட்டத் தகுதியை உறுதிசெய்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். ஆக, ஊர் மாறும் உரிமை தாளில் முழுமையாக இருக்கிறது. அது வாழ்க்கையாக மாறுவது வேலையிடத்தில். இருபத்தொன்றாம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். தனியாருக்கும் இது பொருந்தும். இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் அக்கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் விரித்துச் சொல்கின்றன. டெக்னோபார்க்கின் கணிசமான நிறுவனங்கள் இந்த அளவுக்குள் வருபவை. சாய்தளமும் மின்தூக்கியும் அமைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் பொதுவானது. ஆட்டிசம் கேட்பவை வேறு: தினம் இடம் மாறாத ஒரே மேசை, வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் வரும் வேலை, காதொலிப்பான் போட அனுமதி, மாற்றம் எதுவானாலும் ஒரு நாள் முன்னறிவிப்பு, ஓணக் கொண்டாட்டத்தில் பூக்களத்துக்கும் வடம்வலிக்கும் வரவில்லை என்றால் ‘ஒட்டாதவர்’ என்று மதிப்பீட்டில் எழுதாமை. இவற்றில் எதுவும் பெரிய பணச்செலவு வைப்பதில்லை.

ஆனால் இவற்றைப் பெற, இருப்பதைச் சொல்ல வேண்டும். இங்கேதான் புதிய ஊரின் முரண் கூர்மையாகிறது. பழையதை விட்டு வந்ததே யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான். சொன்னால் ஏற்பாடு கிடைக்கலாம், பதவி உயர்வு நிற்கலாம். சொல்லாவிட்டால் கேரல் மீண்டும் எழுந்து வேலைக்குப் போவாள். எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்று அறிவுரை சொல்லும் உரிமை எனக்கில்லை. அதன் விலையைக் கொடுப்பவர் அவர். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பெயரைச் சொல்லாமலே தேவையைச் சொல்ல முடியும். ‘எனக்கு வேலையை எழுத்தில் கொடுங்கள், பிழை வராது’ என்று முதல் வாரத்தில் கேட்பவரை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆறு மாதம் தவித்தபின் கேட்டால்தான் அது குற்றச்சாட்டாகத் தொனிக்கிறது.

முன்பு சொன்ன அந்த ஒரு சந்திப்புக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் ஆட்டிசம் அறிந்த வல்லுநர்கள் இருக்கிறார்கள்; கட்டடங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு மாலை, வயதுவந்தோருக்கென்று, மலையாளத்திலும் தமிழிலும் ஒரு சந்திப்பு நேரம் ஒதுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அங்கே கேட்க வேண்டியவையும் எளியவை. இப்போது எவ்வளவு ஓய்வில் இருக்கிறீர்கள்? வீட்டில் யார் என்னென்ன செய்துகொடுத்தார்கள், அவற்றில் எதைப் புதிய ஊரில் யார் செய்வார்கள்? வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறையோ கல்யாண மண்டபமோ இருக்கிறதா என்று இரவில் போய்ப் பார்த்தீர்களா? மழை பெய்யும் நாளில் வேலைக்கு எப்படிப் போவீர்கள்? முடியாமல் போனால் யாருக்கு, பேசாமல், ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பலாம்? ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போக நினைத்தால் அதையும் இங்கே வந்து சொல்லலாம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா?